தீராத பசி யார் குற்றம்?

“இப்போதுதானே சாப்பிட்டீர்கள், அதற்குள் மறுபடியும் பசியா?” இனிப்பு நீர் நோய் உள்ளவர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. நோயை வைத்துக்கொண்டு வாயைக் கட்டவில்லையே என்ற ஆதங்கம்தான் அப்படிக் கேட்க வைக்கிறது. ஆனால் அந்தப் பசி வெறும் வாய் ஆசைதானா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

2019ஆம் ஆண்டில் மலேசியாவில் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இந்த நோய் இருந்தது. நம் இந்தியர்களிடையே அது 100க்கு 31. ஆகவே இது நம் வீட்டுக் கதை.

வெளிக்காட்டில் நடப்பதை மண்டோர் வந்து சொன்னால்தான் தோட்டத்து ஆபீசுக்குத் தெரியும். நம் உடம்பில் மூளைதான் ஆபீஸ். அதற்குச் செய்தி கொண்டுபோகும் மண்டோர்கள், ஹார்மோன் எனப்படும் சுரப்பு நீர்கள்.

வயிறு காலியானதும் இரைப்பையில் கிரெலின் என்ற நீர் அதிகமாகச் சுரந்து, ‘சாப்பிடு’ என்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் இதை 1999இல் கண்டறிந்தார்கள். உணவு குடலுக்குள் இறங்கியதும் ஜி.எல்.பி.-1 என்ற நீர், ‘போதும்’ என்கிறது. கணையத்திலிருந்து இன்சுலினோடு சேர்ந்து வரும் அமிலின் என்ற நீரும் அதையே சொல்கிறது. உடம்பில் உள்ள கொழுப்பிலிருந்து வருவது லெப்டின். ‘சேமிப்பு இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்பது அதன் செய்தி. இது 1994இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது.

இனிப்பு நீர் உள்ளவருக்கு இந்தச் செய்திகள் தடுமாறிப்போகின்றன.

உடல் பருத்தவர்களுக்கு இரத்தத்தில் லெப்டின் நிறையவே இருக்கும். ஆனால் மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. நாள் முழுவதும் சங்கு ஊதிக்கொண்டே இருந்தால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்? சாப்பிட்ட பிறகு கிரெலின் குறைய வேண்டிய அளவுக்குக் குறைவதும் இல்லை. கணையம் தளரத் தளர அமிலினும் குறைந்துபோகிறது. வயிறு நிறைந்தும் மனம் நிறையாததற்கு இவையெல்லாம் காரணம்.

வேறு சிலர் நிறையச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போவார்கள். வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது. அறையைத் திறக்கத்தான் சாவி இல்லை. இன்சுலின்தான் அந்தச் சாவி. அது போதாதபோது சர்க்கரை உடம்புக்குப் பயன்படாமல் சிறுநீரில் போய்விடுகிறது. கொழுப்பு கரைகிறது, லெப்டினும் விழுகிறது. பட்டினி வந்துவிட்டதென்று மூளை பதறுகிறது. அதிகப் பசி, அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், மெலிவு ஆகியவை சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் கிளினிக்குக்குச் சென்று இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

தாய்மார்களே, இன்னொரு பசியும் உண்டு. இதைக் கவனமாகக் கேளுங்கள். சிலவகை மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டோ இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டோ, பசியாறாமல் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். திடீர்ப் பசி, கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். கருவியில் பார்த்தால் 4க்குக் கீழே காட்டும். அந்த நேரத்தில் “உங்களுக்குச் சீனி ஆகாதே” என்று தடுக்கக்கூடாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, அன்றாடப் பசியை எப்படி அடக்குவது? தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு. கிளினிக்கில் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று சொல்வார்களே, அதுதான். மெதுவாக மென்று சாப்பிடுங்கள். குடல் அனுப்பும் ‘போதும்’ என்ற செய்தி மூளைக்கு எட்டச் சற்று நேரமாகும். டின்பால் தேநீரைக் குறையுங்கள். தாகத்துக்குப் பச்சைத் தண்ணீர் போதும்.

உறக்கமும் முக்கியம். 2004இல் சிக்காகோவில் நலமான இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பார்த்தார்கள். கிரெலின் கூடியது, லெப்டின் குறைந்தது, பசி அதிகரித்தது. விடியுமுன் வேலைக்கு எழ வேண்டியவர்கள் இரவில் நெடுநேரம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கலாமா?

பசி அடங்கவே இல்லையென்றால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஜி.எல்.பி.-1 போலவே வேலை செய்யும் ஊசி மருந்துகள் 2005 முதல் இருக்கின்றன. யாருக்கு எது பொருந்தும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே நேயர்களே, வீட்டில் ஒருவர் மறுபடியும் பசிக்கிறது என்றால், ஏசுவதற்கு முன்னே ஒரு கேள்வி கேளுங்கள்: “சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, பார்த்தீர்களா?” ஏசினால் அவர் மறைவாகச் சாப்பிடுவார். கேட்டால் மறைக்காமல் சொல்வார். அவர் சொன்னால்தான் நாம் உதவ முடியும்.