நம் மெயிலுக்கு ஒரு சல்லடை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கணினிப் பொறுப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் வரவு செலவு வாசித்தபோது ஒரு அக்கா எழுந்து, "மெயிலை வடிகட்டுறதுக்கு மாசா மாசம் பணம் கட்டுறோமே, அது எதுக்கு? என் பையன் செல்போன்ல மெயில் சும்மாதானே வருது?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. சந்தா கட்டுற எல்லாருக்கும் பதில் தெரியணும்.

பையன் வைத்திருப்பது ஜிமெயில். அதில் குப்பையைப் பிரிக்கிற வேலையை கூகுள் பார்த்துக்கொள்கிறது. நம்ம கூட்டமைப்புக்கோ சொந்தப் பெயரில் முகவரி, தனி மெயில் சர்வர். அங்கே யார் எதை அனுப்பினாலும் நேரா வந்து விழும். லாட்டரி விழுந்தது, கடன் தயார், வங்கிக் கணக்கை முடக்கிவிட்டோம் என்று எத்தனையோ. 1978-ல் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் விற்கிற ஒருத்தர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதுதான் இதற்கு ஆரம்பம். விற்பனையும் ஆச்சு என்று சொல்லிக்கிட்டார். அப்புறம் எப்படி நிற்கும்!

பால் சொசைட்டியில் என்ன செய்றாங்க? பாலைச் சோதித்துப் பார்த்துத்தான் கேனில் ஊத்துறாங்க. இதுவும் அப்படித்தான். நம்ம முகவரிக்கு வருகிற மெயிலை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கணும் என்று இன்டர்நெட்டில் ஒரு பதிவு இருக்கு. அதுக்கு எம்.எக்ஸ். என்று பெயர். அதில் நம்ம சர்வருக்குப் பதிலாக வடிகட்டும் கம்பெனியின் பெயரைப் போட்டிருக்கோம். மெயில் முதலில் அங்கே போகும். நல்லது உடனே நமக்கு வரும். வைரஸ் உள்ளது அங்கேயே நிற்கும். சந்தேகமானதைத் தனிப் பட்டியலில் நிறுத்தி வைப்பாங்க. கரண்ட் போய் நம்ம சர்வர் படுத்துக்கிட்டாலும் மெயிலைப் பத்திரமா வைத்திருந்து பிறகு தருவாங்க.

முன்வாசலில் ஆள் போட்டால் போதாது, கொல்லைப்பக்கமும் அடைக்கணும். சர்வர் இருக்கிற இடம் தெரிந்தவன் நேரா அதுக்கே அனுப்பிடுவான். அதனால் அந்தக் கம்பெனி வழியா வருவதை மட்டும் வாங்கு என்று சர்வரில் சொல்லி வைத்திருக்கு.

முகவரிப் பெயரின் பாஸ்வேர்டு கூட்டமைப்பிடமே இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டது நல்லது. போஸ்டினி என்று இந்த வேலையில் பெரிய கம்பெனி இருந்தது. 2007-ல் கூகுள் அதை வாங்கியது. பிறகு அந்தச் சேவையை மூடிவிட்டது. வாடிக்கையாளர்கள் வேறு ஏற்பாட்டுக்கு மாற வேண்டியதாச்சு. நமக்கும் அந்த நிலை வந்தால் பாஸ்வேர்டு கையில் இருக்கணும்.

இப்போ முக்கியமான சங்கதி. சல்லடையில் நல்ல தானியமும் தங்கிடும். போன மாசம் ஒரு கல்லூரி 300 சணல் பைக்கு விலை கேட்டு எழுதினாங்க. புது முகவரி, கூடவே ஒரு ஃபைல். சந்தேகப் பட்டியலில் போய் உட்கார்ந்துக்கிச்சு. அலுவலகத் தங்கச்சி பட்டியலைத் திறந்து பார்த்ததால் கிடைத்தது. சில நாள் கழித்து அந்தப் பட்டியல் தானாக அழிந்துவிடும். பார்க்காமல் விட்டிருந்தால் தைக்கிற அக்காக்களுக்குக் கூலி போயிருக்கும்.

சல்லடையில் சிக்காததும் ஒண்ணு உண்டு. நூல் தருகிற வியாபாரியின் மெயிலையே ஒருத்தன் திருடி, "எங்க வங்கிக் கணக்கு மாறிடுச்சு, இனி இதுல போடுங்க" என்று எழுதுவான். வைரஸ் கிடையாது, முகவரியும் சரியானது. எந்தச் சல்லடை பிடிக்கும்? கணக்கு எண் மாறியதாக வந்தால், நம்ம நோட்டில் ஏற்கனவே எழுதியிருக்கிற நம்பருக்குப் போன் போட்டுக் கேட்கணும். மெயிலில் இருக்கிற நம்பருக்குப் போட்டால் அந்தத் திருடனே எடுப்பான். பணம் போய்விட்டது என்றால் அந்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிடணும், வங்கிக்கும் சொல்லணும்.

ஆர்டர் எதிர்பார்க்கிற குழுக்கள், வாங்குறவங்க மெயில் முகவரியை எழுதி ஊக்குநரிடம் கொடுத்தனுப்புங்க. அனுமதிப் பட்டியலில் சேர்த்திடுவோம். சந்தேகப் பட்டியலைத் தினமும் காலை பத்து மணிக்குப் பார்க்க இரண்டு பேர் வேணும், முறை வைத்து. படிக்கத் தெரிந்தால் போதும், கம்ப்யூட்டர் நாங்க சொல்லித் தருகிறோம். விருப்பம் உள்ளவங்க கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்க.