கதையை எங்கே அனுப்புறது?

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது: "கதை எழுதிட்டேன், எங்கே அனுப்பலாம்?"

முதல்ல, வாசகரா நீங்க எந்த இதழை விரும்பிப் படிக்கிறீங்க? அச்சில் காலச்சுவடு, உயிர்மை இருக்கு. இணையத்தில் சொல்வனம் 2009-லிருந்து வருது, பழைய இதழ்களையும் இலவசமாப் படிக்கலாம். கடைசி நாலு இதழ்க் கதைகளைப் படிச்சாலே உங்க கதை அங்கே பொருந்துமான்னு ஓரளவு தெரிஞ்சிடும். ஈழத்துச் சிற்றிதழ்கள் வேணும்னா 'நூலகம்' தளம். உள்ளே போனா ஒரு ராத்திரி காலி, சொல்லிட்டேன்.

"தொகுப்புல உங்க கதை வரும், ஆயிரம் ரூபாய் கட்டுங்க"ன்னு மெசேஜ் வந்தா கட்டாதீங்க. அங்கே யாரும் கதையைத் தேர்ந்தெடுக்கல. சி.சு. செல்லப்பா 1959-ல் தொடங்கின 'எழுத்து' இதழைக் கைக்காசைப் போட்டுத்தான் நடத்தினார். நஷ்டம் ஆசிரியரோடது, எழுதினவங்களோடது இல்லை. சிற்றிதழ்கள் பல சன்மானம் தராது, அது வேற கதை.

யூனிகோடில் டைப் பண்ணுங்க. ஒரு சமயத்துல ஒரு இதழுக்கு மட்டும் அனுப்புங்க. மூணு மாசம் பதில் இல்லையா? "வேறு இதழுக்கு அனுப்புகிறேன்"னு ஒரு மெயில் போட்டுட்டு, அடுத்த இதழுக்கு அனுப்பிடுங்க.