கரண்டுக்கும் பட்டம் உண்டு

(வாடிப்பட்டி வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசப்போவது கரண்டைப் பற்றி. "அது ஈ.பி.காரங்க வேலை, நமக்கெதுக்கு?" என்று நினைக்க வேண்டாம். வீட்டு மாடியில் சோலார் வைக்கக் கடன் கிடைக்குமா என்று குழுக்களில் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். கடன் வாங்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டுமல்லவா?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். விதைக்குப் பட்டம் இருக்கிற மாதிரி கரண்டுக்கும் பட்டம் உண்டு.

முதலில் காற்று. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் புகுந்து வீசும். முப்பந்தல், தேனி, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். ஐப்பசியில் காற்று படுத்துவிடும்.

அடுத்து தண்ணீர். பெரியாறு அணைத் தண்ணீர் லோயர்கேம்பில் கரண்டு கொடுத்துவிட்டுத்தான் வைகைக்கு வருகிறது. பிறகு பேரணை வழியாக நம்ம வயலுக்குப் பாய்கிறது. மலையில் மழை பொய்த்தால் நெல்லுக்கும் அடி, கரண்டுக்கும் அடி.

மூன்றாவது சூரியன். தை முதல் சித்திரை வரை வானம் தெளிவு, விளைச்சல் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் பாதிகூட வராது. இன்னொன்று, சோலார் பலகைக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அக்கினி நட்சத்திரத்தில் பலகை கொதித்தால் கரண்டு கொஞ்சம் குறையவே செய்யும்.

2012-இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு போனதை மறந்திருக்க மாட்டோம். காற்றுக் காலம் முடிந்ததும் வெட்டு இன்னும் கூடியது. ஒன்று படுக்கும்போது இன்னொன்று கைகொடுக்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். வானிலை ஆய்வுத் துறை பருவமழை பற்றி முன்னறிவிப்புத் தருகிறது. சென்னையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனம் காற்றை அளந்து சொல்கிறது. இன்று வைக்கும் சோலார் 25 வருடம் உழைக்க வேண்டும். பழைய கணக்கு மட்டும் போதாது. வெப்பம் கூடிக்கொண்டே போகும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். மழையும் காற்றும் முன்போல் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

சரி, நம்ம வீட்டுக் கணக்குக்கு வருவோம். 1 கிலோவாட் சோலார், வருடச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் அளவில் கொடுக்கும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். மீதிப் பணம் நம்ம கையிலிருந்துதான். 2016-இல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆனதிலிருந்து, சிக்கனமான வீட்டுக்குக் கட்டணமே வருவதில்லை. கட்டணமே இல்லாத வீட்டுக்குக் கடன் எதற்கு? தையல், மாவு மில் என்று தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு வேறு.

விற்க வருபவர் பங்குனிக் கணக்கைக் காட்டுவார். நாம் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி: "கார்த்திகையில் எத்தனை யூனிட் வரும்? லைனில் கரண்டு போனால் இது ஓடுமா?" பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்த்த சோலார், கரண்டு போனால் தானும் நின்றுவிடும்.

மேகம் மூடினாலும் கடன் தவணை நிற்காது. எனவே மகசூல் குறைந்த மாதத்தை வைத்தே கடனை முடிவு செய்வோம். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வருட மீட்டர் அட்டையைக் கொண்டு வாருங்கள். மழை, மேகமூட்ட நாட்களை இன்று முதல் குழு நோட்டில் குறித்து வைப்போம்.