துணை மின்நிலையமும் குடிநீரும்



2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன்னே வேதாரண்யத்தை அடுத்துக் கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் முதலிய ஊர்களிலே தலைமுறை தலைமுறையாய்ப் பயன்தந்த தென்னைகளையும் பலாமரங்களையும் வேரோடு சாய்த்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் அடுத்து வந்த வாரங்களில் அப்பிரதேசத்து ஜனங்களை இருட்டைவிட அதிகமாக வாட்டியது தாகமே என்பதை வெளியூரார் பலர் அறியார். பல நூறு அடி ஆழத்திலிருந்து மோட்டார் இழுத்துத் தந்தால்தான் நீர் கிடைக்கும் பூமி அது. மின்சாரம் நின்றதும் மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. வாடகை ஜெனரேட்டர்களை ஊர் ஊராகக் கொண்டுசென்று தண்ணீர் ஏற்ற நேர்ந்தது.

ஜனங்கள் சப்-ஸ்டேஷன் என்று வழங்கும் துணை மின்நிலையத்தின் ஸ்தானம் அந்நாட்களிலேதான் பலருக்கு விளங்கிற்று. தொலைவிலிருந்து 110 கிலோவோல்ட் அழுத்தத்தில் வந்துசேரும் சக்தியை 11 கிலோவோல்ட்டாகத் தாழ்த்தி, பீடர்கள் எனப்படும் பல பாதைகளில் ஊர்களுக்குப் பிரித்தனுப்புவது அதன் தொழில். முதலிலேயே தாழ்ந்த அழுத்தத்தில் அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். அழுத்தம் பத்து மடங்கு உயர்ந்தால், அதே அளவு சக்திக்குக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பத்திலொன்றாகக் குறைகிறது. கம்பி சூடேறுவதால் விளையும் நஷ்டமோ நூற்றிலொன்றாகிவிடுகிறது. தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் அந்த 11 கிலோவோல்ட்டை மேலும் தாழ்த்திய பின்னரே நம் வீட்டுக்கு 230 வோல்ட் கிடைக்கிறது.

புதுக்கோட்டை கண்மாய்கள் நிறைந்த சீமையாதலால், மடை திறந்து வாய்க்கால்தோறும் நீர் பகிர்வதைப் போன்றதே இதுவும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கண்மாய் நீரைத் தேக்கிவைக்கும். துணை மின்நிலையம் தன்வழியே செல்லும் சக்தியில் எதையும் தேக்குவதில்லை, உற்பத்தியாகும் கணத்திலேயே அது செலவாகிவிடுகிறது. ஆகவே பகிர்தலோடு காவலும் அதன் தலையாய கடமையாகிறது. ஒரு பீடரின்மேல் தென்னை மட்டை விழுந்து பழுது நேருமாயின், ரிலே என்னும் கருவி அதை உணர்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அப்பாதையின் பிரேக்கர் என்னும் துண்டிப்பானை மட்டும் திறந்து, ஏனைய ஊர்களின் விளக்குகள் அணையாமல் காக்கிறது. வெளியிலிருந்து வரும் மின்சாரமே அற்றுப்போன வேளையிலும் பிரேக்கர்கள் இயங்கும்பொருட்டு அங்கே தனியே ஒரு பாட்டரி அறையும் உண்டு.

புயலால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்திருந்தன. உள்ளூர்ப் பணியாளரோடு பிற மாவட்டத்தாரும் அண்டை மாநிலத்தாரும் சேர்ந்து, வாகனம் புகாத வயற்சேற்றிலே கம்பங்களைத் தோளில் சுமந்து சென்று நட்டார்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. முதலில் துணை மின்நிலையம், பிறகு பீடர், பிறகு டிரான்ஸ்பார்மர், அதன்பின் வீடு என்ற கிரமத்திலன்றி மின்சாரம் திரும்ப இயலாது. விவசாய மோட்டார்கள் காத்திருக்க நேர்ந்தது.

இந்தக் கிரமத்தை மாற்ற முடியாதுதான். ஆனால் குடிநீர் மோட்டார்களுக்குச் செல்லும் பீடர் ஒவ்வொன்றுக்கும், தன் நிலையம் முடங்கினால் அண்டை நிலையத்திலிருந்து சக்தி பெறும் மாற்று இணைப்பும், புயற்காற்று சாய்க்க இயலாத தரையடிக் கேபிளும் அவசியம் என்பது என் அபிப்பிராயம். செலவு மிகுதிதான், எனினும் கடலோரத்தை ஒட்டிய இம்மாவட்டத்தில் இந்த வேலையைக் குடிநீர்ப் பாதைகளிலிருந்தே தொடங்க வேண்டும்.