பன்னிரண்டு டொலரும் ஒரு பெயரும்



வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து செல்வோர், வீட்டு வாயில்களிற் பொறித்திருக்கும் பெயர்களைச் சற்றே நின்று வாசிப்பாராயின் ஒன்றைக் கவனிக்கலாம். தில்லையம்பலம் என்றும் இராசநாயகம் என்றும் வரும் பெயர்களுக்கு இடையே, முற்பாதி ஆங்கிலமும் பிற்பாதி செந்தமிழுமாகச் சில பெயர்கள் நிற்கும். கொட்டாஞ்சேனையிலே புனித லூசியா பேராலயத்தைச் சூழ்ந்த தெருக்களிலும் மேனாட்டுப் பெயர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அங்குள்ளவற்றுட் பல போர்த்துக்கேயர் காலந்தொட்டு வரும் ஞானஸ்நானப் பெயர்கள். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வழியாக வந்த பெயர்களின் கதை வேறு. அவற்றுட் பல, பிள்ளையைக் கண்ணாற் காணாத ஒருவர், பிள்ளையின் சோற்றுக்குப் பணம் அனுப்பியபோது அப்பணத்தோடு சேர்த்து அனுப்பிய பெயர்கள்.

1841ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை வெளிவந்தது. தமிழ்ப் பத்திரிகை வரலாற்றைப் படிப்போர் அதன் முதல் ஆசிரியர் இருவரின் பெயர்களைக் கண்டு ஏமாறுவதுண்டு. ஒருவர் ஹென்றி மார்ட்டின். மற்றவர் சேத் பேசன். அட்லாண்டிக் சமுத்திரங் கடந்து வந்த வெள்ளைத் துரைமார் என்றே எண்ணத் தோன்றும். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்; வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்கள். மெய்யான ஹென்றி மார்ட்டின், இந்தியாவிலும் பாரசீகத்திலும் ஊழியஞ்செய்து 1812இல் மாண்ட ஆங்கிலேயப் பாதிரியார். அவருடைய பெயர் பனைமரங்களின் நடுவே பிறந்த ஒரு பிள்ளைக்கு வந்து சேர்ந்த வழியை அறிய, அமெரிக்க மிஷன் இந்நாட்டுக்கு வந்த காலத்துக்குச் செல்லவேண்டும்.

1812ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த மிஷனரிமாரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே தங்கவிடவில்லை. அவர்களுள் சாமுவேல் நியூவெல் என்பவர் தம் இளமனைவி ஹரியற்றுடன் மொரீசியசுத் தீவுக்குக் கப்பலேறினார். அங்கே அவ்வம்மையார் பத்தொன்பது வயதில் இறந்தார். தனித்துப்போன நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்து, இங்கே பணிக்கு இடமுண்டு என்று பொஸ்டன் நகரத்துச் சங்கத்தாருக்கு எழுதினார். அதன் பயனாக ‘டிரையட்’ என்னும் கப்பலில் வந்த மிஷனரிமார் 1816ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொழும்பில் இறங்கினர். தேசாதிபதி பிரௌன்றிக் அவர்களை யாழ்ப்பாணம் செல்ல அனுமதித்தார். சில மாதங்கள் கொழும்பிலே தங்கியபின், தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய கோயில்களையும் பாதிரிமனைகளையும் திருத்திக் குடியேறினர்.

பகற்பள்ளிகளைத் தொடங்குவது அவர்களுக்கு அத்துணை அரிதாயிருக்கவில்லை. ஊர்வாத்தியார் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினாற் போதும். ஆனால் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குத் திரும்பும் பிள்ளை, பகலிற் கற்றதை இரவில் மறந்துவிடுகிறது என்பது அவர்களின் குறை. பிள்ளைகள் தம்முடனே வாழவேண்டும், தம் பராமரிப்பிலே உண்டு உறங்கவேண்டும் என்று விரும்பினர். அனாதைகளும் ஏழைவீட்டுப் பிள்ளைகளுமாகச் சிலர் கிடைத்தனர். கிடைத்த பிள்ளைகளை உண்பிப்பதே பெரும்பாடாயிற்று. கிறிஸ்தவர் வளவிற் சமைத்த சோற்றைப் பிள்ளை தொட்டுவிட்டால் இனத்தார் விலக்கி வைப்பர் என்ற அச்சம் பெற்றோர்க்கு. எனவே தொடக்கத்திலே வேளாளச் சமையற்காரரை அமர்த்தி, சமையலையும் உணவையும் மிஷன் வளவுக்குப் புறம்பாகவே வைத்துக்கொள்ள நேர்ந்தது. சாதிபேதத்தைக் கண்டித்துப் பிரசங்கித்தவர்கள், பிள்ளைகள் பட்டினி கிடவாதிருக்கும் பொருட்டுச் சாதியின் சமையலறையை ஒப்புக்கொண்டார்கள். அதை முரண்பாடு என்று இன்று எளிதிற் சொல்லிவிடலாம். பசித்த பிள்ளை வாசலில் நிற்கையிலே கொள்கை சற்று விலகி வழிவிட்டது என்று சொல்வதே பொருத்தம்.

இனிப் பணத்தின் கதை. அந்நாளைய அமெரிக்காவிலே, குறிப்பாக நியூ இங்கிலாந்து என வழங்கும் வடகீழ்ப் பகுதியிலே, ஊர்தோறும் பெண்கள் சிறு சங்கங்களை அமைத்திருந்தனர். பொஸ்டன் நகரில் 1802ஆம் ஆண்டிலே ‘சதச் சங்கம்’ ஒன்று தோன்றியது. வாரத்துக்கு ஒரு சதம் கொடுப்பதே அதன் விதி. அவர்கள் பெருஞ் செல்வர் அல்லர். கமக்காரர் மனைவியரும் தையல் தைத்துப் பிழைப்போரும் அத்தகைய சங்கங்களில் இருந்தனர். இத்தகையோர்க்கு மிஷன் ஒரு வேண்டுகோள் விடுத்தது: ஆண்டுக்குப் பன்னிரண்டு டொலர் தந்தால் இலங்கையிலே ஒரு பிள்ளைக்கு உணவும் உடையும் கல்வியும் கொடுக்கலாம், பணந் தருவோர் அப்பிள்ளைக்கு ஒரு பெயரும் சூட்டலாம்.

கணக்கைப் பார்ப்போம். வாரம் ஒரு சதமெனின் ஆண்டுக்கு 52 சதம். இருபத்துமூன்று பெண்கள் ஓராண்டு முழுவதும் தவறாது கொடுத்தால் 11 டொலரும் 96 சதமும் சேரும். பன்னிரண்டு டொலருக்கு இன்னும் நான்கு சதம் குறையும். முகமறியாத தமிழ்ப் பிள்ளை ஒன்றின் ஓராண்டுச் சோறு இத்தனை கைகளின் வழியே வந்தது. கொடுத்தோர்க்குக் கிடைத்ததெல்லாம், தம் ஊர்ப் பாதிரியாரின் பெயரோ, இளமையில் மாண்ட ஓர் உறவினரின் பெயரோ, தாம் போற்றிய பெரியார் ஒருவரின் பெயரோ, எங்கோ ஒரு தீவிலே உயிரோடு உலவுகிறது என்ற மனநிறைவு.

ஆனால் பெயர் என்பது சிறு பொருளா? நம்மவரிடையே தந்தைவழிப் பாட்டனின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ பிள்ளைக்கு இடுவர். அப்பெயரைச் சொல்லி அழைக்கும்போது முன்னோர் ஒருவர் திரும்பி வந்ததாக வீட்டார் மகிழ்வர். அந்த இடத்திலே அந்நியர் ஒருவரின் இறந்த உறவினர் வந்து அமர்ந்துகொண்டார். உபகாரம் பெற்ற பிள்ளை இடைநடுவில் ஓடிப்போனாலும் இறந்துபோனாலும், பணம் வரும் வழி அடைபடாதிருக்க, அதே பெயரை வேறொரு பிள்ளைக்கு இடுவதும் நிகழ்ந்தது. இதைக் கேட்கும்போது மனம் சற்றுக் கூசுகிறது. பெயர் அங்கே பிள்ளைக்கு உரியதாயில்லை. கணக்குப் புத்தகத்தின் ஒரு வரிக்கு உரியதாயிருந்தது. கொடுத்தவர்களின் அன்பிற் பொய் இல்லை என்பதும் உண்மை. அவ்வன்பு தன் முத்திரையைப் பதியாமல் விடவில்லை என்பதும் உண்மை.

பெண்பிள்ளைகளைப் பெறுவது இன்னும் கடினமாயிருந்தது. எழுத்துக் கற்ற பெண்ணை மணக்க யார் வருவார் என்று ஊர் கேட்டது. உடுவிலிலே வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. அயலிலிருந்து மிஷன் வீட்டுக்குப் பாடங் கேட்க வந்த இரண்டு சிறுமியர், ஒரு மாலை பெருமழையால் வீடு திரும்ப இயலாது தங்க நேர்ந்தது. பசி வந்தது. அங்கே கொடுத்த உணவை உண்டுவிட்டனர். உண்டபின் விலக்குவதற்கு என்ன இருக்கிறது? அவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கத் தந்தையும் இசைந்தார். இவ்வாறு தொடங்கியதை 1824ஆம் ஆண்டிலே உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியாக வளர்த்தவர் ஹரியற் வின்சிலோ அம்மையார். பிற்காலத்திலே தமிழ் ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட மைரன் வின்சிலோ பாதிரியாரின் மனைவி. தாம் பெற்ற மக்கள் சிலரை இழந்தவர், பிறர் மக்களைப் பேணினார். 1833ஆம் ஆண்டு ஜனவரியிலே, முப்பத்தாறு வயதில், உடுவிலிலேயே காலமானார். படித்து முடித்த பெண்ணுக்கு மணமாகும்போது மிஷன் ஒரு சிறு சீதனமும் கொடுத்தது. யாழ்ப்பாணத்தாரின் நாடியை அறிந்துகொண்டார்கள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வில்லங்களின் வாழ்வு ஒருபோதும் நிலையாக இருந்ததில்லை. பிரௌன்றிக்குக்குப் பின் ஆட்சியை ஏற்ற பான்ஸ், புதிதாக அமெரிக்கர் எவரையும் அனுமதியேன் என்று 1820இல் விதித்தார். அச்சுவேலைக்கென வந்த கரட் என்பவர் திரும்பிப்போகக் கட்டளை பெற்றார். 1833 வரையில் பதின்மூன்று ஆண்டுகள் புதுக்கை ஒன்று வந்து சேரவில்லை. இருந்தவர்கள் நோயாலும் வேலையாலும் தேய்ந்தனர்.

தடை நீங்கி மூச்சுவிடும் வேளையிலே 1837 வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நியூயோர்க் நகரத்து வங்கிகள் நாணயம் கொடுப்பதை நிறுத்தின. வணிக இல்லங்கள் முறிந்தன. வாரம் ஒரு சதம் கொடுத்த கைகள் வெறுங்கைகளாயின. செலவைக் குறைக்குமாறு பொஸ்டனிலிருந்து புறப்பட்ட ஆணை, பாய்க்கப்பலில் மாதக்கணக்காகக் கடலில் ஆடி யாழ்ப்பாணம் வந்தடைந்தது. கிராமப் பள்ளிகள் மூடப்பட்டன. ஏறத்தாழ ஐயாயிரம் சிறுவர் சிறுமியர் பள்ளியை இழந்தனர். நியூயோர்க் எங்கே, மானிப்பாய் எங்கே? அங்கே ஒரு பெட்டகம் பூட்டப்பட்டதும் இங்கே ஒரு பிள்ளையின் ஏடு மூடிற்று. அந்நியர் கொடையை நம்பி நிற்கும் எந்த இல்லத்துக்கும் நேரக்கூடிய விபத்து இது. பின்னர் நிலைமை தேறப் பல பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டனவெனினும், இடையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் திரும்பியிருப்பர் என்று எண்ணுவதற்கில்லை. வயலும் ஆட்டுப்பட்டியும் அவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

1855ஆம் ஆண்டிலே, பொஸ்டன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து ஆராய்ந்ததன் முடிவாக, வட்டுக்கோட்டைச் செமினரியே மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடுகின்றனர், ஊழியத்துக்கு நிற்பவர் சிலரே என்பது காரணம். அண்டர்சன் கண்டது பொய்யன்று. பன்னிரண்டு டொலரில் வளர்ந்த பிள்ளைகள் கொழும்பின் கந்தோர்களுக்கும் இந்தியாவின் கல்லூரிகளுக்கும் சென்றுகொண்டிருந்தனர். ஆனால் அதை நட்டமென்று எழுதிய கணக்கு எந்தக் கணக்கு என்பதே கேள்வி.

செமினரியின் பிள்ளைகளைப் பாருங்கள். கறல் விசுவநாதபிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் பட்டமளித்த முதல் இருவருள் ஒருவர். மற்றவரும் யாழ்ப்பாணத்தவரே, ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை. விசுவநாதபிள்ளை கிறிஸ்தவத்துக்காக வாதாடி, பின்னர் சைவத்துக்கு மீண்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை இறுதிவரை கிறிஸ்தவராகவே நின்றவர். உதயதாரகையை நெடுங்காலம் நடத்தி, 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலைத் தந்தார். அதிற் சைவப் புலவர்க்கும் குறைவிலா இடமளித்தார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தர்க்க நூல் எழுதிய பேராசிரியர். அவர் மகன் நெவின்ஸ் செல்வத்துரை, யாழ்ப்பாண இந்துக் கல்லூரியின் அதிபரானார். அமெரிக்கச் சபையார் ஒருவர் கிறிஸ்தவப் பிள்ளை ஒன்றின் மேல் பதியும் என்று எண்ணி அனுப்பிய பெயர், இந்துக் கல்லூரியின் தலைவாயிலில் நின்றது.

பெண்களின் கதையை இத்தனை பெயர்களோடு சொல்ல இயலாமை ஒரு குறை. ஏடுகள் அவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1840இல் உடுவிலுக்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார் நாற்பதாண்டளவு அங்கே கற்பித்தார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமலே 1883இல் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். தாமே கற்பித்த பெண்களின் பேத்தியரையும் கற்பிக்கும் பேறு அவருக்குக் கிட்டியது.

இன்னும் ஒரு பெயர். பொஸ்டன் சங்கத்தின் செயலாளராயிருந்தவர் ஜெரமையா எவாட்ஸ் என்னும் வழக்கறிஞர். செரோக்கி என்னும் செவ்விந்தியக் குடிகளை அவர்தம் நிலத்திலிருந்து துரத்துவது அநீதியென்று அமெரிக்க அரசாங்கத்தோடு எழுத்தாற் போராடியவர். அப்போராட்டத்தில் உடல் நலிந்து 1831இல் இறந்தார். அவர் பெயர் அளவெட்டிப் பிள்ளை ஒன்றுக்கு இடப்பட்டது. அப்பிள்ளை வளர்ந்து, விவிலியக் கதையைத் ‘திருவாக்குப் புராணம்’ என விருத்தப்பாவிற் பாடி 1866இல் வெளியிட்டது. எவாட்ஸ் துரைக்குத் தமிழ் தெரியாது. தம் பெயர் தாங்கிய புலவரை அவர் கண்டதுமில்லை. நமது இலக்கிய வரலாற்று நூல்களோ புலவரை அளவெட்டி கனகசபைப்பிள்ளை என்றே குறிக்கின்றன. எவாட்ஸ் என்பது, சிலவற்றில், அப்பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக மட்டும் நிற்கிறது.