பதிவேட்டில் தொடங்கும் அறிவியல்

(காஞ்சிபுரத்தில் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலைப் பற்றி இன்று பேசப்போகிறேன். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே குடல் நோய்த் துறையில் பல்லாண்டு பணியாற்றியவர் டாக்டர் ககன்தீப் காங். 300க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் உண்டு. 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இந்தியாவில் பணியாற்றும் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு அந்தச் சிறப்பு கிடைத்தது அதுவே முதல் முறை.

300 என்ற எண்ணை விட்டுவிடுவோம். 2011இல் வெளியான ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம்.

பச்சிளங் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தருவது ரோட்டா வைரஸ். மெக்சிகோவில் நடந்த ஆய்வு ஒன்று 1996இல் வெளியானது. இருமுறை இந்தத் தொற்று வந்துபோன குழந்தைகளுக்கு அதன்பின் அந்நோய் கடுமையாக வரவில்லை என்றது அது. நம் ஊரிலும் அப்படித்தானா? வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் 452 பச்சிளங் குழந்தைகளை ஆய்வில் சேர்த்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீடு தேடிப் போய் விசாரித்தார்கள். மூன்று ஆண்டுகளும் தொடர்ந்தவர்கள் 373 பேர்.

முடிவு வேறாக இருந்தது. மூன்று முறை தொற்று வந்த பிறகும், மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதை அப்படியே வெளியிட்டார்கள்.

வேலூருக்கு இது புதிய கேள்வியும் அல்ல. நலமாகத் தோன்றும் மக்களின் குடற்சுவரிலும் மாற்றங்கள் இருப்பதைப் பற்றி, அங்கே பணியாற்றிய பேக்கரும் மாத்தனும் 1972லேயே எழுதியிருக்கிறார்கள்.

பின்னர் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் இந்தியத் தடுப்பு மருந்தான ரோட்டாவேக் சோதிக்கப்பட்டது. 2014இல் வெளியான முடிவின்படி, கடுமையான நோய்க்கு எதிராக அதன் திறன் 53.6 சதவீதம். கணித ஆசிரியர்கள் இதை வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம். நூற்றில் 54 குழந்தைகளுக்கு முழுப் பாதுகாப்பு, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மருந்து தராதபோது 100 பேருக்குக் கடும் நோய் வருமென்றால், தந்தபோது ஏறக்குறைய 46 பேருக்கு வரும் என்பதே பொருள்.

பாதிதானே என்று அதை ஒதுக்கவில்லை. நோய் மிகுந்த நாட்டில் பாதியைத் தடுத்தாலே எத்தனையோ உயிர்கள் மிஞ்சும். 2016இல் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. 2017இல் தமிழகத்துக்கு வந்தது. குழந்தை பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் சொட்டு மருந்தாகத் தருகிறார்கள். மீதிப் பாதிக்காகத்தான் உப்பு சர்க்கரைக் கரைசலை இன்றும் கைவிட முடியாது. கைக்குழந்தையோடு பள்ளிக்கு வரும் தாயிடம் இவ்விரண்டையும் நாம் சொல்லலாம்.

நம் ஊர்க் கோர்வைச் சேலையை நினைத்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தறியில் ஒருவர் மட்டும் போதாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். சேலை வாங்குபவருக்கு அவரைத் தெரியாது. ஆய்வுக் கட்டுரையும் அப்படித்தான். வெயிலில் கதவைத் தட்டிய களப்பணியாளர் ஒருநாள் சோம்பி, வீட்டுக்குப் போகாமலே ‘நோய் இல்லை’ என்று எழுதியிருந்தால் அந்த 79 பொய்யாகியிருக்கும்.

நம் மேசையிலும் பதிவேடுகள் இருக்கின்றன. வருகை, எடை, உயரம், குடற்புழு மாத்திரை தந்த நாள். மாத்திரை நாளில் வராத பிள்ளைக்கும் சேர்த்து ‘தந்தாயிற்று’ என்று குறித்தால் பட்டியல் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையை அதன்பின் யாரும் தேட மாட்டார்கள்.

ஆய்வகத்திலும் இதே பழக்கம் வேண்டும். மாணவர் எடுத்த அளவீடு புத்தக விடையோடு ஒத்துப்போகவில்லையென்றால், திருத்தி எழுதச் சொல்லாதீர்கள். ‘ஏன் மாறியது?’ என்று கேளுங்கள். வேலூரில் எழுந்ததும் அந்தக் கேள்விதான்.