விசமமும் விவாதமும்



தமிழில் கலைக்களஞ்சியம் என்று சொல்லத்தக்க முதல் நூல் இந்த யாழ்ப்பாண மண்ணிலிருந்து வெளிவந்தது. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் வெளியிட்ட அபிதான கோசம் அது. எட்டு ஆண்டுகள் கழித்து மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வந்தது. இந்தியா விடுதலை பெற்ற பின் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டு, 1968இல் நிறைவு செய்தது. இம்மூன்று முயற்சிகளிலும் சொல்லுக்குப் பொறுப்பானவர் யாரென்று வாசகருக்குத் தெரியும். கருத்து மாறுபாடு எழுந்திருந்தால் அது பதிப்பாளரின் மேசையிலேயே தீர்ந்திருக்கும். அச்சில் வந்தது முடிவு மட்டுமே. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. நம்மவரான இ. மயூரநாதன் முதலியோர் தொடக்க காலத்தில் இட்ட அடித்தளத்தின் மேல் இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் நிற்கின்றன. அவற்றில் எதையும் எவரும் திருத்தலாம். யார் எதை எப்போது மாற்றினார் என்பது ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் பதிவாகியிருக்கிறது. சண்டையும் முடிவும் ஒரே இடத்தில், எல்லோர் கண்ணுக்கும் படும்படி கிடக்கின்றன. இந்த நிலையில் நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை, விவாதத்தை விசமமாக எண்ணி நடத்துவது. இந்த உரையில் நான் நிறுவ முயல்வது இதுதான்.

விசமத் தொகுப்பிலிருந்தே தொடங்குகிறேன். அதைப் பற்றிய அச்சம்தான் வெளியிலிருந்து பார்ப்போரிடம் மிகுதி. ஒரு பக்கத்தை வெறுமையாக்குதல், கட்டுரையின் நடுவே வசைச்சொல் இடுதல், நடிகரின் பிறந்த ஆண்டை மாற்றுதல், ஊர்க் கட்டுரையில் புகழ்பெற்றோர் பட்டியலில் தன் பெயரைச் சேர்த்தல் எனப் பல வடிவங்களில் அது வருகிறது. சாதிகளைப் பற்றிய கட்டுரைகளில் ஓயாமல் நடக்கும் மாற்றங்களை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே எழுதியிருப்பவர் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் இவற்றை நீக்குவதற்கு ஆகும் உழைப்பு மிகக் குறைவு. பழைய வடிவம் அப்படியே சேமிப்பில் இருப்பதால், கெடுக்க எடுத்த நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் மீட்டுவிடலாம். ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர்கள் 2004இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் பக்க வரலாறுகளை ஆராய்ந்தபோது, பக்கத்தை மொத்தமாக அழிக்கும் செயல்கள் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் சீர்செய்யப்பட்டிருந்ததைக் கண்டார்கள். அங்கே பின்னர் தானியங்கிகளும் இந்தக் காவலில் பெரும்பங்கு ஏற்றிருக்கின்றன. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகெந்தாலர் கொலைச் சதியில் சந்தேகிக்கப்பட்டவர் என்று யாரோ எழுதிய பொய் 2005இல் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவரைப் பற்றிய கட்டுரையில் கிடந்தது. அது ஒரு மனிதரின் மானத்தைப் பற்றிய செய்தி. அதைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன். வாழும் மனிதரைப் பற்றிச் சான்றில்லாமல் எழுதப்படும் அவதூறை யாரையும் கேட்காமல் உடனே நீக்க வேண்டும் என்ற விதி அத்தகைய அனுபவங்களால் இறுகியது. விசமத்துக்கு மருந்து கண்காணிப்பும் வேகமும். இதில் எனக்குக் கருத்து மாறுபாடு இல்லை.

அந்த வேகத்தையே எல்லாவற்றுக்கும் மருந்தாக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. ஆரன் ஹால்ஃபேக்கர் முதலிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பாகத் தொகுப்போரின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு சரிந்தது ஏன் என்று அவர்கள் தேடினார்கள். விசமத்தைத் தடுக்க உருவாக்கிய கருவிகளும் இறுகிப்போன விதிகளும் நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் முயற்சிகளையும் சேர்த்தே தள்ளிவிட்டன. தள்ளப்பட்டவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. நம்மிடம் இது எப்படி நடக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் ஊர்ப் பள்ளிக்கூடம் பற்றிய கட்டுரையில் இரண்டு வரி சேர்க்கிறாள். மேற்கோள் காட்ட அவளுக்குத் தெரியாது. உரையாடல் பக்கம் என்று ஒன்று இருப்பதும் தெரியாது. இரண்டு நிமிடத்தில் அவள் எழுதியது நீங்குகிறது. மீண்டும் எழுதுகிறாள், மீண்டும் நீங்குகிறது. மூன்றாம் முறை எச்சரிக்கை வருகிறது, நாலாம் முறை தடை வருகிறது. நீக்கியவர் விதிப்படிதான் நடந்தார். எழுதியவர் கெடுக்க வந்தவரா, அறியாதவரா என்று கேட்பதற்கு மட்டும் அவர் நேரம் ஒதுக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரா என்பதே விசமக்காரரையும் விவாதிப்பவரையும் பிரித்தறிய நமக்குள்ள நம்பகமான உரைகல். ஆனால் கேள்வி எங்கே கேட்கப்பட்டிருக்கிறது என்பதே புதியவருக்குத் தெரியாது. ஆகவே அவருக்கு விளங்கும் தமிழில், அவர் கண்ணில் படும் இடத்தில் ஒருமுறையாவது கேட்காமல் தடை போடுவது நீதியாகாது.

பெரிய கேடு இதற்கும் அப்பால் இருக்கிறது. சண்டை ஓய்ந்த கலைக்களஞ்சியம் நல்ல கலைக்களஞ்சியம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உலக அனுபவம் வேறுவிதமாகச் சொல்கிறது. குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவில் தீவிர தேசியவாதச் சார்புள்ள சிறு குழுவொன்று நிர்வாகப் பொறுப்புகளைக் கைப்பற்றி, மாறுபட்டு எழுதியவர்களைத் தடை செய்து வெளியேற்றியது. அந்நாட்டுக் கல்வி அமைச்சரே 2013இல் அதைப் பயன்படுத்த வேண்டாமென மாணவர்களுக்குச் சொல்ல நேர்ந்தது. விக்கிமீடியா நிறுவனம் அதைப் பற்றிய விரிவான மதிப்பீட்டை வெளியிட 2021 ஆயிற்று. ஸ்கொட்லாந்தின் ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் அம்மொழி அறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர் பல ஆயிரம் கட்டுரைகளை ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்தது 2020இல்தான் பரவலாகத் தெரியவந்தது. எதிர்த்துக் கேட்க அங்கே போதிய ஆட்கள் இல்லை. சீன மொழி விக்கிப்பீடியாவில் நடந்திராத உருசியப் போர்களைக் கற்பனையாகவே எழுதிய நூற்றுக்கணக்கான கட்டுரைகள் 2022இல் அம்பலமாயின. இம்மூன்று இடங்களிலும் பக்கங்கள் அமைதியாகவே இருந்தன. வசைச்சொல் எழுதிய ஒருவர் செய்யக்கூடிய கேட்டைவிட, மறுப்பார் இல்லாமற்போன ஒருவர் செய்த கேடு எத்தனையோ மடங்கு பெரிது. தமிழ் விக்கிப்பீடியா போலச் சில பத்து நிர்வாகிகளைக் கொண்டு இயங்கும் சமூகத்துக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல.

மறுத்துரைத்தல் நம் மரபுக்குப் புதிதும் அன்று. நூலுக்கு உரிய மதம், அதாவது கொள்கை, ஏழென வகுத்த இலக்கண நூலான நன்னூல், பிறர் சொல்வதை உடன்படுவதோடு மறுப்பதையும், பிறர் கொள்கையை எடுத்துவைத்துப் பின் களைவதையும், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கத்தைத் துணிவதையும் அவற்றுள் வைத்து எண்ணியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் கண்டன நூல்களின் களமாக இருந்தது. கிறித்தவரும் சைவரும், கிறித்தவருக்குள்ளேயே இரு சபையினரும் துண்டுப் பிரசுரம் எழுதி மோதினார்கள். ஆறுமுக நாவலரின் சைவதூஷணபரிகாரம் 1854இல் வந்தது அந்தச் சூழலில்தான். அந்தச் சண்டைகளின் சூடு சில வேளை எல்லை மீறியது; இராமலிங்க வள்ளலாரின் அருட்பா பற்றி அவர் தரப்புக்கும் நாவலருக்கும் எழுந்த பூசல் 1869இல் தமிழகத்தின் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் எதிராளியின் சொல்லை எடுத்துக்காட்டி, அதற்கு ஆதாரம் கேட்டு, தன் மறுப்புக்கு ஆதாரம் தரும் பழக்கம் அந்தச் சண்டைகளில் வேர்விட்டது. தமிழ் உரைநடையும் பதிப்புக் கலையும் அந்தப் பழக்கத்தால் வலுப்பெற்றன என்பது என் துணிபு. ஆனால் கலைக்களஞ்சியம் எழுதுவோருக்கு அந்த ஏழு மதங்களும் அப்படியே பொருந்தா. இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கத்தைத் துணியும் உரிமை நமக்கு இல்லை. இன்னார் இப்படிச் சொல்கிறார், இன்னார் அதை மறுக்கிறார், இன்ன சான்றுகள் இருக்கின்றன என்று வைத்துவிட்டு விலக வேண்டும். நாவலர் மரபில் வந்தவர்களுக்கு இது கடினமான துறவு, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் துறவு நடைமுறையில் கைகூடுமா? நம் நாட்டுப் போரையே எடுத்துக்கொள்வோம். 2006இல் போர் மீண்டும் மூண்ட காலத்தில், ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கை பற்றிய பக்கங்கள் நாளுக்கு நாள் கிழிபட்டன. ஒருவர் எழுதுவதை மற்றவர் நீக்குவதும், நீக்கியதை முதலாமவர் மீளமைப்பதுமாகத் தொகுப்புப் போர் நடந்தது. ஒரே பக்கத்தில் ஒருவர் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக்கூடாது என்ற விதி கைகளைக் கட்டியதே தவிரப் பூசலைத் தீர்க்கவில்லை. அப்போது தமிழரும் சிங்களவரும் வெளிநாட்டவரும் சேர்ந்து இலங்கை நல்லிணக்கத் திட்டம் என்ற பெயரில் ஒரு பணிக்குழுவை அமைத்தார்கள். அவர்கள் கண்ட வழிகளில் முக்கியமானது சான்றுகளைப் பற்றியது. தமிழர் தரப்புச் செய்தித் தளமான தமிழ்நெற் சொன்னால் தமிழ்நெற் சொன்னது என்றும், பாதுகாப்பு அமைச்சின் தளம் சொன்னால் அமைச்சு சொன்னது என்றும் பெயர் சுட்டி எழுத வேண்டும்; ஒரு தரப்பின் கூற்றைக் கலைக்களஞ்சியத்தின் சொந்தக் குரலில் எழுதலாகாது. யார் சொல்வது உண்மை என்பதில் உடன்பட முடியாதவர்களால், யார் சொன்னார் என்பதில் உடன்பட முடிந்தது. களத்தில் துவக்குகள் வெடித்துக்கொண்டிருந்த நாட்களில் இவர்கள் ஒரு மேசையில் இருந்து எழுதினார்கள் என்பதை நம் ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் மனக்குறை. அமெரிக்க அரசியல் முதலிய பக்கங்களை வைத்து 2019இல் வெளியான பேராய்வு ஒன்றும், அரசியல் நிலைப்பாட்டில் எதிரெதிரானவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் ஒரே சார்பினர் எழுதியவற்றைவிடத் தரத்தில் உயர்ந்திருந்ததைக் காட்டியது. அங்கே விவாதம் நீண்டது. ஆனால் சான்று தேடும் கட்டாயமும் சேர்ந்து கூடியது.

இந்த இடத்தில் எழும் முதல் மறுப்பு கனமானது. கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் வாழும் ஊரில், கொன்றவரின் கூற்றுக்கும் இழந்தவரின் கூற்றுக்கும் சம இடம் தருவது நடுநிலையா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு அந்த உரிமை உண்டு. நடுநிலை என்பது இரு தட்டிலும் ஒரே எடை வைப்பதன்று. நம்பத்தகுந்த சான்றுகளில் ஒவ்வொரு கூற்றுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு இடம் தருவது. நன்கு ஆராய்ந்த அறிக்கைகள் பல ஒன்றைச் சொல்ல, ஒரு பேச்சாளர் மட்டும் அதை மறுத்தால், அந்த மறுப்புக்கு ஒரு வரி போதும். இழந்தவரின் பக்கம் வலிமையானது என்று நம்புகிறவர் சான்றோடு வரும் விவாதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. எதிர்த்தரப்பை வெளியேற்றிவிட்டு எழுதிய பக்கத்தை நம் பிள்ளைகள் நம்புவார்கள், உலகம் நம்பாது.

ஆனால் சான்று கேட்கும் விதி எல்லா ஊருக்கும் ஒரே பாரமாக இறங்குவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் இருந்தன. பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவையும் போயின. இந்தக் கருத்தரங்கு நடக்கும் கொழும்புத்துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். யோகர் சுவாமிகள் நெடுங்காலம் இருந்த ஊர், கடல்நீரேரியைக் கடந்து பூநகரிப் பக்கம் போவோரின் பழைய துறை, குருத்துவக் கல்லூரி உள்ள ஊர். இதன் வரலாற்றில் பெரும்பகுதி முதியோர் நினைவிலும் கோயில் கும்பாபிசேக மலர்களிலும் பாடசாலை ஆண்டு மலர்களிலும் அந்தியேட்டிக்கு வெளியிடும், கல்வெட்டு எனப்படும் நினைவு மலர்களிலும்தான் இருக்கிறது. இவற்றை மேற்கோள் காட்டும் உள்ளூர்க்காரரிடம் இது சான்றல்ல என்று சொல்லி அவர் எழுதியதை நீக்குவது எளிது. அப்படி நீக்குவது அறிவுக்கு நேர்மையாகாது. குடும்பத்தார் வெளியிட்ட கல்வெட்டு பிறந்த திகதிக்கும் உறவுமுறைக்கும் ஏற்ற சான்று. குடும்பத்தின் பெருமைக்கு ஏற்ற சான்று அன்று. இந்த வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் பூசல் தணியும், செய்தியும் காப்பாற்றப்படும். 2005 முதல் நூலகம் திட்டம் இத்தகைய மலர்களையும் பிரசுரங்களையும் மின்வடிவாக்கி வருவது, கலைக்களஞ்சியத்தில் நடக்கும் சண்டைகளைக் குறைக்கும் பணியும்கூட.

மற்றொரு மறுப்பு நிர்வாகிகளிடமிருந்து வருகிறது. பகலில் தொழில், இரவில் அண்மைய மாற்றங்களைப் பார்க்கும் காவல். இதில் ஒவ்வொருவரோடும் விவாதிக்க ஆள் எங்கே என்கிறார்கள். பிடிவாதமும் நேரமும் உள்ளவரே இறுதியில் வெல்கிறார் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆகையால்தான் விவாதத்துக்குக் காலவரையறையும் நடுவரும் வேண்டும் என்கிறேன். பூசலில் பங்குகொண்ட நிர்வாகி அந்தப் பக்கத்தைத் தாமே பூட்டவோ எதிராளியைத் தாமே தடை செய்யவோ கூடாது. தொடர்பில்லாத இன்னொருவரை அழைக்க வேண்டும். தடையின் காரணம் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் இடமான ஆலமரத்தடியிலோ உரையாடல் பக்கத்திலோ முழு வாக்கியமாக எழுதப்பட வேண்டும். எல்லோரும் உண்மைப் பெயரில் எழுதினால் சிக்கல் தீரும் என்பாரும் உண்டு. அந்த வழியில் விக்கிப்பீடியாவின் இணை நிறுவுநர் லாரி சாங்கர் தொடங்கிய சிட்டிசெண்டியம் வளராமல் தேய்ந்தது. அதைவிட முக்கியமாக, எழுதியதற்காக உயிரிழந்தோர் இருந்த நாட்டில் புனைபெயரைக் குற்றமாக்க நமக்கு உரிமை இல்லை.

இறுதியாக, நம் மொழிக்கே உரிய ஒரு பூசல். நாம் ஒட்சிசன் என்கிறோம், தமிழகத்தார் ஆக்சிஜன் என்கிறார்கள். இங்கே பௌதிகவியல், அங்கே இயற்பியல். கிரந்த எழுத்தைத் தலைப்பில் இடலாமா என்பதில் இரு கரையிலும் இரு கட்சிகள். இதில் எவரும் விசமக்காரர் இல்லை. எல்லோரும் தாம் படித்த பாடநூலுக்கு விசுவாசமாக இருக்கிறார்கள். ஒரு பெயரைத் தலைப்பாக்கி மற்றதை வழிமாற்றாக வைப்பதும், இரண்டையும் முதல் வரியிலேயே தருவதும் ஓரளவு இணக்கம் தந்திருக்கின்றன. கூகிள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தித் தமிழ்க் கட்டுரைகளைக் கொண்டுவந்து சேர்த்தபோதும், அவை பிழை மலிந்திருந்தும், நம்மவர்கள் அதை விசமமென்று சொல்லிக் கதவடைக்கவில்லை; குறைகளைத் தொகுத்து அந்நிறுவனத்தோடு பேசி, தங்கள் மதிப்பீட்டைப் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த 2010 விக்கிமேனியாவில் முன்வைத்தார்கள். இந்தக் கருத்தரங்கில் வாசிக்கப்படும் கட்டுரைகள் அத்தகைய வேலையைச் செய்யட்டும். தடை செய்யப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையிலே கெடுக்க வந்தவர்கள், எத்தனை பேர் பதில் கிடைக்காமல் போனவர்கள் என்பதைத் தமிழ் விக்கிப்பீடியாவின் பதிவேடுகளிலிருந்து கணக்கெடுக்கலாம். பதிவேடுகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. அந்தக் கணக்கை எடுக்கும் பொறுப்பை இங்கே வந்திருக்கும் இளம் ஆய்வாளர்கள் ஏற்க வேண்டுமென்று கேட்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.